சாப்ஸ்டிக் உறையில் ஒரு தாங்கி: நிற்கும் மடிப்பு, சரியும் மடிப்பு

ஜப்பானில் சோபா நூடுல்ஸ் கடை, இசகாயா எனும் குடிப்பகம் போன்ற சாதாரண இடங்களில் உட்கார்ந்தால் மேசையில் பீங்கான் ஹாஷிஓகி, அதாவது சாப்ஸ்டிக் தாங்கி, இருப்பது அபூர்வம். ஒரு ஜோடி வாரிபாஷியும் (பிரித்துப் பயன்படுத்தும் மரச் சாப்ஸ்டிக்) அதன் காகித உறையும்தான் கையில் கிடைக்கும். சாப்பாட்டின் நடுவில் குச்சியைக் கீழே வைக்க வேண்டும். கிண்ணத்தின் குறுக்கே வைத்தால் அது வதாஷிபாஷி, அங்கே அழகில்லாத பழக்கம். வாயில் வைத்த நுனி நேரடியாக மேசையில் படுவதும் நன்றாக இருக்காது. அதனால்தான் உறையையே மடித்துத் தாங்கியாக்கும் வழக்கம் அங்கே இவ்வளவு இயல்பாக இருக்கிறது.

கொக்கு, விசிறி, மீன், நட்சத்திரம் என்று உறையில் மடிக்கக்கூடிய வடிவங்கள் ஏராளம். பார்க்க அழகாக இருக்கிற பல வடிவங்கள் குச்சியை வைத்ததும் படுத்துவிடும். மடிப்பு அழகு இரண்டாம்பட்சம்தான். முதலில் அது சாப்பாடு முடியும்வரை நிற்க வேண்டும். நுனி மேசையிலிருந்து ஒரு செ.மீ. அளவாவது உயர்ந்திருக்க வேண்டும். பாரம் ஏறியதும் கால்கள் அகலக் கூடாது. குச்சி பக்கவாட்டில் உருளவும் கூடாது. இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால், தன் வாலைத் தானே விழுங்கிப் பூட்டிக்கொள்ளும் வளைய மடிப்புகள்தான் தேறுகின்றன. அதில் இரண்டு வகையை இங்கே விரிவாகத் தருகிறேன்.

தாங்கியின்மேல் எவ்வளவு பாரம் விழுகிறது என்று முதலிலேயே தெரிந்துகொண்டால் நல்லது. 21 செ.மீ. குச்சியின் நுனி தாங்கியைத் தாண்டி 3 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்க, பின்பக்கம் மேசையில் கிடக்கும். அப்போது மொத்த எடையில் பாதிக்குச் சற்று மேல் தாங்கியில் இறங்கும். மென்மர வாரிபாஷிக்கு இது சில கிராம்தான். மூங்கில் குச்சி அதைவிடக் கனம். அரக்குப் பூசிய கனமான குச்சிக்கு உறைத் தாங்கி பொருந்தாது. அந்தக் குச்சி உறையில் வருவதுமில்லை.

உறையைப் பார்த்து எடுப்பது

குச்சி முழுவதையும் மூடி இருமுனையும் ஒட்டிய உறை ஒரு வகை. ஒருமுனை திறந்த நீள உறை இன்னொன்று. குச்சியின் கீழ்ப்பாதியை மட்டும் மூடும் குட்டை உறை மூன்றாவது, அதை ஹகாமா என்பார்கள். முதல் இரண்டும் தட்டையாக வைத்தால் சுமார் 21 செ.மீ. நீளம், 3.5 செ.மீ. அகலம் இருக்கும். 24 செ.மீ. குச்சிக்கான உறை அதற்கேற்ப நீளம். ஹகாமா பெரும்பாலும் 12 செ.மீ. பக்கம் வரும். கீழே உள்ள அளவுகள் 21 x 3.5 உறைக்கானவை. உறை கூடக் குறைய இருந்தால் எதை மாற்ற வேண்டும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

ஒட்டிய உறையைத் திறக்கும்போதே பாதி வேலை கெட்டுப்போகும். குச்சியை அழுத்தி உறையைக் குத்திக் கிழிப்பதுதான் பலரும் செய்வது. அப்படிச் செய்தால் கிழிசல் நீளவாக்கில் ஓடி ஒரு பக்கச் சுவர் போய்விடும். குச்சியைக் கீழ்முனைக்குத் தள்ளிவிட்டு, மேல்முனையில் 5 மி.மீ. அளவுக்குக் குறுக்கே மடித்து நகத்தால் நீவி, அந்தக் கோட்டில் கிழியுங்கள். வாய் நேராக வரும்.

அடுத்தது முக்கியம்: உள்ளே பல்குச்சி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பல உறைகளில் குச்சியோடு ஒரு பல்குச்சியும் இருக்கும். அதை எடுக்காமல் மடித்தால் விரலைக் குத்தும், இல்லாவிட்டால் மடிப்பைத் துளைத்துக்கொண்டு வரும்.

காகிதத்தின் குணமும் வேறுபடும். ஒருபக்கம் மட்டும் பளபளக்கும் மெல்லிய வெள்ளைக் காகிதம்தான் மடிக்க எளிது, கோடு கூர்மையாக விழும். வாஷி போன்ற நாரோட்டமான காகிதம் கிழியாது. ஆனால் மடித்த இடம் மெல்லத் திரும்ப விரியும், அதனால் ஒவ்வொரு கோட்டையும் இரண்டு பக்கமும் ஒருமுறை மடித்துப் பழக்க வேண்டும். பிளாஸ்டிக் உறையில் முயற்சியே வேண்டாம். அது மடிப்பைப் பிடிக்காது.

ஜப்பானியக் கடையில் உட்கார்ந்ததும் ஒஷிபோரி, அதாவது ஈரத்துண்டு தருவார்கள். கையைத் துடைத்தபின் விரல் நுனியில் மிச்சமிருக்கும் ஈரம் போதும், மெல்லிய காகிதம் முடிச்சு போடும்போது அறுந்துவிடும். விரல் நன்றாகக் காய்ந்தபிறகு தொடங்குங்கள்.

அளவுகோலுக்குப் பதில் காசு

உணவகத்தில் அளவுகோல் கிடையாது, ஆனால் சட்டைப்பையில் காசு இருக்கும். ஒரு யென் காசின் விட்டம் சரியாக 2 செ.மீ. 500 யென் காசு 2.65 செ.மீ. இந்த இரண்டும் போதும். கோட்டை நீவ, இன்னும் பிரிக்காத வாரிபாஷியின் தடித்த பின்முனை மிக நல்ல கருவி. நுனியால் நீவக் கூடாது. அது வாய்க்குப் போகிற பக்கம். காசைக் காகிதத்தின் வெளிப்பக்கத்தில் மட்டும் வைத்து அளந்துவிட்டு எடுத்துவிடுங்கள்.

அவசரத்துக்குக் கூரை, ஆனால் சரியும்

உறையைக் குறுக்கே பாதியாக மடித்துக் கூரைபோல் நிறுத்துவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. கரடான மர மேசையில் ஓரளவு நிற்கும். வழவழப்பான மேசையில் குச்சி வைத்த கொஞ்ச நேரத்தில் இரண்டு காலும் விலகிப் படுத்துவிடும். கூரையின் பாரம் கால்களை வெளியே தள்ளுகிறது, தடுக்க எதுவுமில்லை. கூரை முகடு ஒற்றைக் கோடாக இருப்பதால் வட்டக் குச்சி உருளவும் செய்யும். இரண்டு கால்களையும் அடியில் இணைக்கும் ஒரு தளமும், முகட்டில் ஒரு பள்ளமும் சேர்த்தால் இரண்டு குறையும் தீரும்.

பள்ளம் வைத்த வளையம்

உறையைத் தட்டையாக்கி, ஒட்டுத் தையல் உள்ளே போகும்படி, வேட்டியை மடிப்பதுபோல நீளவாக்கில் பாதியாக மடியுங்கள். 21 செ.மீ. நீளமும் 1.75 செ.மீ. அகலமும் உள்ள பட்டை கிடைக்கும். நாலு தாள் கனம், நல்ல விறைப்பு. தையல் வெளியே இருந்தால் மடிப்புக் கோட்டில் பசை விட்டுப்போய்ப் பட்டை பிளந்துகொள்ளும்.

இப்போது 500 யென் காசை எடுங்கள். கிழித்த வாய் இடப்பக்கம் இருக்கட்டும். அந்த முனையிலிருந்து இரண்டு காசு அகலம் (5.3 செ.மீ.) விட்டு ஒரு கோடு. அங்கிருந்து ஒரு காசு தள்ளி ஒன்று, மறுபடி ஒரு காசு தள்ளி ஒன்று, மறுபடி ஒரு காசு தள்ளி இன்னொன்று. மொத்தம் நாலு கோடு, எல்லாமே மேடாக, அதாவது மடித்த முகடு வெளியே பார்க்கும்படி. முதல் பகுதி தளம், அடுத்தது ஏறும் சரிவு, நடுவில் உச்சி, பிறகு இறங்கும் சரிவு. மிச்சம் ஏறக்குறைய 7.8 செ.மீ. வால்.

உச்சிப் பகுதியின் இரண்டு மேட்டுக் கோடுகளையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்து, நடுவை உள்ளே அழுத்துங்கள். காசு வைத்து அளக்காமலே சரிபாதியில் ஒரு பள்ளக் கோடு விழும். இந்த ஒரு கோடு மட்டும்தான் எதிர்ப்பக்கம் மடிவது. இதைக் கத்திபோல் நீவ வேண்டாம். விரலால் அழுத்தினால் போதும். கூர்மையாக நீவிய பள்ளம் பாரத்தில் எளிதாகக் கீழே இறங்கும், மழுங்கலான பள்ளம் விறைத்து நிற்கும்.

வாலின் கடைசி 2.5 செ.மீ.யை உள்பக்கமாக மடித்துத் தளத்தின் நீளத்துக்குக் குறையுங்கள். மடித்த முனையின் இரண்டு மூலையையும் 3 மி.மீ. அளவுக்குச் சாய்வாக மடித்து ஒடுக்குங்கள். இல்லாவிட்டால் அதே அகலமுள்ள பட்டைக்குள் வால் நுழையாமல் சுருங்கி மடங்கும். இப்போது தளத்தின் இடமுனையில், பாதியாக மடித்த இரண்டு தாள் அடுக்குக்கும் நடுவே வாலைச் செருகி, மூலை மூலையைத் தொடும்வரை தள்ளுங்கள். உள்ளே போன மடிப்பு திரும்ப விரியப் பார்க்கும், அந்த விரிப்பே பிடிப்பைத் தருகிறது. பசையும் வேண்டாம், ஈரமும் வேண்டாம்.

சரியாக வந்தால் இரண்டு முகடும் மேசையிலிருந்து 2 செ.மீ. உயரத்திலும், பள்ளத்தின் அடி 1.2 செ.மீ. உயரத்திலும் நிற்கும். பள்ளத்தின் வாய் சுமார் 2 செ.மீ. என்பதால் இரண்டு குச்சியும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். சோதிக்க, ஒரு சின்னக் காகிதத் துணுக்கை விரித்து அதன்மேல் 500 யென் காசைப் பள்ளத்தில் வைத்துப் பாருங்கள். காசு 7 கிராம் சொச்சம். அதைத் தாங்கினால் மென்மரக் குச்சிக்குப் பயமில்லை. துணுக்கு எதற்கென்றால், பல கை மாறிய காசு நுனி படும் இடத்தைத் தொடக் கூடாது.

பழுதுகள் வருவது பெரும்பாலும் மூன்று இடத்தில். முகடுகள் இரண்டும் நெருங்கிக் குச்சியைக் கவ்வினால், பள்ளம் அளவுக்கு மீறி இறங்கிவிட்டது. முகடுகளை விரலால் விலக்கி, பள்ளக் கோட்டை ஒருமுறை எதிர்ப்பக்கம் தட்டிவிடுங்கள். வளையம் ஒரு பக்கம் சாய்ந்தால், குறுக்குக் கோடுகள் பட்டைக்குச் செங்குத்தாக இல்லை. ஒவ்வொரு கோட்டையும் மடிக்கும்போது பட்டையின் விளிம்பு விளிம்பின்மேலேயே விழுகிறதா என்று பார்த்தால் இது வராது. வால் நழுவி வந்தால் செருகியது ஆழம் போதவில்லை. இல்லை, வாலின் முனை மடிப்பு மிக நன்றாக நீவப்பட்டு விரியும் சக்தியை இழந்துவிட்டது. அந்த ஒரு மடிப்பை மட்டும் நீவாமல் விடுவது நல்லது.

உறை 24 செ.மீ. என்றால் கூடுதல் 3 செ.மீ. முழுவதும் வாலின் முனை மடிப்புக்குப் போகட்டும். மற்ற அளவுகளை மாற்ற வேண்டாம். ஹகாமாவுக்கு 500 யென் காசுக்குப் பதில் ஒரு யென் காசை அலகாக வைத்து இதே இரண்டு, ஒன்று, ஒன்று, ஒன்று கணக்கில் மடிக்கலாம். வளையத்துக்கு 10 செ.மீ., செருக 2 செ.மீ. பள்ளத்தின் அடி 0.9 செ.மீ.தான் இருக்கும், குறைவுதான், ஆனால் நுனி மேசையில் படாது.

முடிச்சு, கால் வைத்தது

உறையை முடிச்சிடுவது ஜப்பானில் பலருக்கும் தெரிந்தது. பட்டையில் ஒரு சாதாரண முடிச்சு போட்டு, மெல்ல இறுக்கித் தட்டையாக்கினால் ஒழுங்கான ஐங்கோணம் விழும். எந்தப் பட்டையில் போட்டாலும் விழும், அது வடிவியல் தரும் பரிசு. ஆனால் அதை அப்படியே மேசையில் வைத்துக் குச்சியைச் சாய்ப்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு: நன்றாக நீவிய முடிச்சின் உயரம் ஒன்றிரண்டு மி.மீ.க்கு மேல் இருக்காது. நுனி மேசையைத் தொட்டுக்கொண்டேதான் கிடக்கும். முடிச்சுக்குக் கால் வேண்டும்.

எவ்வளவு நீளம் முடிச்சுக்குள் போகும் என்று தெரிந்தால் காலுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று தெரிந்துவிடும். ஒழுங்கான ஐங்கோண முடிச்சு பட்டை அகலத்தைப்போல் ஐந்தரை மடங்கு நீளத்தை விழுங்கும். முழு அகலத்தில், 3.5 செ.மீ.யில், முடிச்சு போட்டால் 19 செ.மீ.க்கு மேல் அதிலேயே போய்விடும், வால் இருக்காது. அதனால் முன்பு சொன்னபடி பாதியாக மடித்த 1.75 செ.மீ. பட்டையில்தான் போட வேண்டும். அதற்கு 9.6 செ.மீ. போகும், 11.4 செ.மீ. மிஞ்சும். ஐங்கோணத்தின் ஒவ்வொரு பக்கமும் 1.84 செ.மீ. இருக்கும்.

முடிச்சை நடுவில் போடக் கூடாது. ஒரு வால் 3.8 செ.மீ., மற்றது 7.6 செ.மீ. என்று வர வேண்டும். குட்டை வாலின் முனையில் உறையின் கிழித்த வாய் இருக்கட்டும். முடிச்சைத் தளர்வாகப் போட்டு, இரண்டு வாலையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இழுங்கள். ஒரே இழுப்பில் இறுக்கினால் பட்டை உள்ளே சுருண்டு ஐங்கோணம் கோணும். ஓரங்கள் ஒன்றையொன்று முட்டி இடைவெளி மறையும் நிலையில் நிறுத்திவிட்டுக் குச்சியின் பின்முனையால் ஐந்து பக்கமும் நீவுங்கள். ஐங்கோணத்துக்குள் சின்ன ஓட்டை தெரிந்தால் இன்னும் இறுகவில்லை என்று பொருள். விளிம்பில் சுருக்கம் விழுந்தால் அதிகம் இறுகிவிட்டது, கொஞ்சம் தளர்த்துங்கள்.

இப்போது பார்த்தால் இரண்டு வாலும் அடுத்தடுத்த பக்கங்களிலிருந்து வராது. நடுவில் ஒரு பக்கத்தை விட்டு, ஏறக்குறைய எதிரெதிராக வெளியே வரும். நீண்ட வாலை முதலில் பாதியாக உள்நோக்கி மடியுங்கள். இரண்டும் 3.8 செ.மீ. ஆகிவிடும். பிறகு ஒவ்வொரு வாலையும் ஐங்கோணத்தின் பக்கத்தை ஒட்டியே நேராகக் கீழ்நோக்கி மடியுங்கள். அந்தப் பக்கத்திலிருந்து 1.5 செ.மீ. கீழே, பக்கத்துக்கு இணையாக, உள்நோக்கி இன்னொரு மடிப்பு. முதல் மடிப்பு கால், இரண்டாவது பாதம்.

பெரும்பாலோர் தடுமாறுவது இந்த இணை என்பதில்தான். வால் ஐங்கோணப் பக்கத்திலிருந்து செங்குத்தாக வெளியே வராது, 18 பாகை சாய்ந்து வரும். கண் பட்டையின் விளிம்பைப் பார்த்து மடிக்கச் சொல்லும். அப்படி மடித்தால் கால் ஒரு மூலையில் நின்று ஆடும். பட்டையின் விளிம்பை மறந்துவிட்டு ஐங்கோணத்தின் பக்கத்தை மட்டும் பாருங்கள். பாதக் கோடு அதற்கு இணையாக இருந்தால், இரண்டு பாதமும் ஐங்கோணத்தின் அடியில் ஒரே நேர்கோட்டில் எதிரெதிராக வந்து நிற்கும். நிறுத்தி வைத்துப் பார்க்கும்போது இது உண்மையிலேயே அழகான இடம்: சாய்வாகப் போன இரண்டு வால்களும் கணக்குத் தவறாமல் ஒன்றையொன்று தேடி வருகின்றன.

மடித்த நீண்ட வாலின் பாதத்தைக் குட்டை வாலின் பாதத்துக்குள், இரண்டு அடுக்குக்கு நடுவே, செருகுங்கள். ஒவ்வொரு பாதமும் 2.2 செ.மீ., தளத்தின் நீளமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதனால் ஏறக்குறைய முழுவதும் உள்ளே போய்விடும். மூலை ஒடுக்கும் வேலை இங்கும் தேவை. முடிந்ததும் 1.5 செ.மீ. உயரத்தில் ஐங்கோண மேடையும் அடியில் ஒரு சின்னச் சுரங்கமும் கிடைக்கும்.

குச்சியை இரண்டு காலையும் குறுக்கே கடக்கும் திசையில் வையுங்கள். அப்போது பாரம் இரண்டு சுவரிலும் பிரியும். சுரங்கம் ஓடும் திசையில் வைத்தால் மேடையின் நடு தொய்யும். இந்த மேடையில் பள்ளம் இல்லை என்பதால் வட்டக் குச்சிக்கு இது இரண்டாம் தேர்வுதான். கென்ரோகு போன்ற, ஓரங்களை மழித்த சதுரக் குச்சிக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை.

மேசையில் வைப்பது, பிறகு

வலக்கைக்காரருக்கு, குச்சி உங்கள் முன்னால் மேசை விளிம்புக்கு இணையாக, நுனி இடப்பக்கம் இருக்கும்படி கிடக்க வேண்டும். அதனால் தாங்கியும் இடப்பக்கம். உறையின் திறந்த விளிம்பு எதிர்ப்பக்கமும், மூடிய மடிப்பு உங்கள் பக்கமும் இருந்தால் பார்வைக்கும் சுத்தம்.

கடை ஏற்கெனவே ஹாஷிஓகி வைத்திருந்தால் உறையைத் தொடாமல் விடுங்கள். புத்தாண்டுக்கு வைக்கும் இவாய்பாஷியின் உறையையும் மடிக்கக் கூடாது. அதில் வீட்டார் பெயரை எழுதி, முதல் மூன்று நாளும் அதே குச்சியை அதே உறையில் திரும்பப் போட்டு வைப்பது வழக்கம். மடித்துவிட்டால் குச்சிக்கு வீடு இருக்காது.

உணவகங்களில் வாடிக்கையாளர்கள் மடித்து விட்டுப்போகும் உறைகளைச் சேகரித்தவர் யூகி தட்சுமி. 2012-இல் தொடங்கி, ஜப்பானின் 47 மாகாணங்களிலிருந்தும் 13,000-க்கும் மேற்பட்டவற்றைத் திரட்டி, அவற்றில் பலவற்றைக் காட்சிக்கு வைத்தார். டிப்ஸ் கொடுக்கும் பழக்கம் இல்லாத நாட்டில் அவற்றுக்கு அவர் வைத்த பெயர் 'ஜாப்பனீஸ் டிப்'. பரிமாறியவருக்கு மேசையில் ஒன்றை விட்டுப்போவது அங்கே யாருக்கும் உறுத்தாது. ஆனால் பயன்படுத்திய நுனி வெளியே தெரியாமல் இருப்பது மரியாதை. முடிச்சுத் தாங்கியில் அது எளிது: சாப்பிட்டு முடித்ததும் இரண்டு நுனியையும் அடியில் உள்ள சுரங்கத்துக்குள் நுழைத்துவிடலாம். வளையத் தாங்கியில் பள்ளத்துக்குக் கீழேயுள்ள இடைவெளி 1.2 செ.மீ., அதுவும் போதும். சாறு சொட்டும் நுனியாக இருந்தால் உள்ளே நுழைப்பதற்கு முன் காகித நாப்கினில் துடைத்துவிடுங்கள். ஈரமானால் தளத்தின் செருகல் ஊறி விட்டுக்கொடுத்து, குச்சி நகர்ந்து நுனி வெளியே வந்துவிடும்.